மரவட்டை எங்குட்டுப் போச்சு?

வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு மீனலோசனி மேடம் கம்ப்யூட்டரைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பிறகு, "ஐயோ!" என்றார்.

ஒரு பேராசிரியர் ஐயோ என்று சொல்லி நிவேதா கேட்டதே இல்லை. கையில் இருந்த மரவட்டையை அவள் கீழே போடாமல் இருந்ததே பெரிய விஷயம். மரவட்டைதான் பயந்துபோய்ச் சுருண்டுகொண்டது.

"என்னாச்சு மேடம்?" என்று சௌபர்ணிகா அக்கா ஓடி வந்தாள்.

"உன் மரவட்டைகளுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு," என்றார் மேடம்.

அது பல்கலைக்கழகத்தில் ஓர் உயிரியல் லேப். விலங்குகள் எப்படி நடக்கின்றன, எப்படி ஊர்கின்றன, எப்படித் தாவுகின்றன என்று அங்கே ஆராய்வார்கள். கதவில் அதற்கு ஒரு முழ நீளத்துக்கு ஆங்கிலப் பெயர் இருந்தது. பிள்ளைகள் சுருக்கமாக 'ஊர்ற லேப்' என்று வைத்துக்கொண்டார்கள்.

காலாண்டு விடுமுறைக்குப் பள்ளிப் பிள்ளைகள் ஆறு பேரை மேடம் அழைத்திருந்தார். ஆறு பேருக்கும் கழுத்தில் தொங்கவிட அட்டை உண்டு. அட்டையில் 'இளம் ஆய்வாளர்' என்று போட்டிருக்கும். நான்கு பேருக்குத் தவளை கிடைத்தது. கோட்டையூரில் இருந்து வந்த நிவேதாவுக்கும் அவள் தோழி ஆன் மேரிக்கும் மரவட்டை கிடைத்தது. இரண்டு பேரும் ஆறாம் வகுப்பு, ஒரே பெஞ்சு.

முதல் நாள் நிவேதாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். தவளை தாவும். மரவட்டை என்ன செய்யும்? ஆனால் சௌபர்ணிகா அக்கா சொன்ன விஷயத்தைக் கேட்டதும் வருத்தம் போய்விட்டது. அக்கா சென்னையில் இருந்து வந்து இந்த லேப்பில் முனைவர் பட்டத்துக்குப் படிப்பவள்.

"ஒரு மரவட்டை நேரா போயிட்டிருக்கு. வழியில ஒரு கல். அது வலது பக்கம் திரும்பியே ஆகணும். அப்புறம் ரெண்டு பக்கமும் வழி இருந்தா, அது எந்தப் பக்கம் போகும்?"

"அதுக்கு எங்க இஷ்டமோ அங்க!" என்றாள் ஆன் மேரி.

"அதான் இல்லை. முதல்ல வலதுன்னா அடுத்து இடது. பெரும்பாலும் அப்படித்தான் போகும்னு சொல்றாங்க. அப்பதான் கிளம்பின திசையிலேயே போக முடியும். நம்ம ஊர் மரவட்டை அப்படிப் போகுதான்னு பார்க்கப்போறோம்."

அதற்காக மேசைமேல் ஒரு மரப்பாதை இருந்தது. மரவட்டை அதில் போய் முதலில் கட்டாயமாக வலது பக்கம் திரும்பும். கொஞ்ச தூரத்தில் பாதை இரண்டாகப் பிரியும். ஒரு கிளை சன்னல் பக்கம் போகும், அது இடது. இன்னொரு கிளை கதவுப் பக்கம் போகும், அது வலது. மொத்தம் இருபது மரவட்டைகள். ஒவ்வொன்றின் முதுகிலும் நகப்பூச்சால் நம்பர் எழுதியிருந்தது. நாளுக்கு இருபது ஓட்டம், நான்கு நாளுக்கு எண்பது. ஓட்டம் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். மரவட்டை எங்கே ஓடுகிறது?

நிவேதா மரவட்டையைப் பாதையில் விட்டு, நேரம் பார்த்து, அடுத்த மரவட்டையைத் தயார் செய்வாள். ஆன் மேரி பாதை பிரியும் இடத்தையே கண்கொட்டாமல் பார்த்து, அது போகும் பக்கத்தைச் சத்தமாகச் சொல்வாள். அக்கா அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவர்ப் பக்கக் கம்ப்யூட்டரில் அதைப் பதிவாள்.

திங்கட்கிழமை ஆரம்பமே தகராறு. இடது எது, வலது எது என்பதில் ஆன் மேரிக்கு எப்போதும் குழப்பம். ஒவ்வொரு முறையும் சாப்பிடுகிற கையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் சொல்வாள். அதற்குள் மரவட்டை பாதையைத் தாண்டி மேசைக்கே போய்விடும்.

"சரி, உனக்கு வாயில எப்படி வருதோ அப்படியே சொல்லு," என்றாள் அக்கா.

"அங்குட்டுப் போகுது அக்கா!" என்று உடனே கத்தினாள் ஆன் மேரி.

அக்கா திரும்பிப் பார்த்தாள். "அங்குட்டுன்னா?"

"அந்தா, சன்னல் பக்கம்."

"அப்போ அது இடது. இன்னொண்ணு?"

"இங்குட்டு."

அக்காவுக்கு ஒரே சந்தோஷம். ஒரு தாளில் 'அங்குட்டு = இடது, இங்குட்டு = வலது' என்று எழுதிக் கம்ப்யூட்டருக்கு மேலே ஒட்டிவிட்டாள். "பார்த்தீங்களா, உங்க ஊர் பாஷையைக் கத்துக்கிட்டேன்!" என்று பெருமை வேறு.

அதெல்லாம் திங்கட்கிழமை. இப்போது வியாழக்கிழமை, மேடம் ஐயோ என்கிறார்.

"பாரு சௌபர்ணிகா. திங்கட்கிழமை இருபதுல பதினேழு இடது. செவ்வாய்க்கிழமை பதினாறு இடது. நாம நினைச்ச மாதிரியே வருது. புதன்கிழமை குழப்பம். இன்னைக்குப் பதினேழு வலது! அப்படியே தலைகீழ்! மூணே நாள்ல ஒரு பூச்சி தன் சுபாவத்தையே மாத்திக்குமா?"

அக்காவின் முகம் வெளுத்துப்போனது. அவள் பாதையை மோந்து பார்த்தாள். விளக்கை அணைத்துப் போட்டுப் பார்த்தாள். மேசை சாய்ந்திருக்கிறதா என்று ஒரு கோலிக்குண்டை உருட்டிப் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

மேடம் மெதுவாகத் திரும்பினார். "பக்கம் சொன்னது யாரு?"

"நான்தான் மேடம்," என்றாள் ஆன் மேரி.

தவளைக் குழுவில் இருந்த விஷ்வா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "மேடம், இவ ஊரணியில முதலையப் பார்த்தேன்னு ஸ்கூல் பூராச் சொன்னவ!"

மற்ற மூன்று பேரும் சிரித்தார்கள். அவன் சொன்னது நிஜம்தான். ஊரணியில் முதலை குளித்தது என்று போன வருஷம் ஆன் மேரி சொன்ன கதையில் பாதி வகுப்பு ஒரு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. தன் வீட்டுப் பூனை ஜெப நேரத்தில் கண்ணை மூடிக்கொள்ளும் என்றும் சொல்லியிருக்கிறாள்.

மேடம் சிரிக்கவில்லை. "ஆன் மேரி, அலுத்துப்போய் வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டியா?"

"இல்ல மேடம்! பாத்துப் பாத்துத்தான் சொன்னேன்!"

"நிவேதா, நீ பக்கத்துலதானே இருந்தே? அவ சரியாச் சொன்னாளா?"

நிவேதாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் எங்கே பார்த்தாள்? சுருண்ட மரவட்டைகள் எப்போது பிரியும் என்று பெட்டிக்குள்ளேயே கண்ணை வைத்திருந்தாள். ஆன் மேரி அவளையே பார்த்தாள். கூடவே அந்த முதலையும் நிவேதாவின் நினைவுக்கு வந்து தொலைத்தது.

"எனக்கு... சரியாத் தெரியல மேடம்," என்றாள்.

ஆன் மேரியின் வாய் திறந்தபடியே நின்றது. திட்டியிருந்தால்கூட நிவேதாவுக்குத் தேவலாம் போல இருந்தது.

"இந்த லேப்ல தப்பு பண்ணலாம். இல்லாததைச் சொல்லக் கூடாது," என்றார் மேடம். "சனிக்கிழமை கண்காட்சிக்கு நாளைக்கு மதியமே போஸ்டர் அச்சுக்குப் போகணும். தவளை போஸ்டர் மட்டும் போகட்டும். ஆன் மேரி, நீ நாளைக்கு வர வேண்டாம்மா."

ஆன் மேரி கழுத்து அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். டவுன் பஸ்ஸில் நிவேதாவுக்குப் பக்கத்தில் இடம் காலியாக இருந்தும் அவள் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தாள்.

*

நிவேதா வீட்டுக்கு வந்தபோது வாசலில் ஒரு கட்டில் நின்றது. நின்றது என்றால் சரியாகச் சொன்னதாகாது, நிலையில் சிக்கிக்கொண்டு முழித்தது. அவள் அப்பா தேனப்பன் தச்சு வேலை செய்பவர். ஊருக்கெல்லாம் கட்டில் செய்தவர், ஒரு வழியாக வீட்டுக்கும் ஒன்று செய்திருந்தார். அதன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு அப்பா உள்ளே நின்றார். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அம்மா வெளியே நின்றாள்.

"இங்குட்டு! இங்குட்டு!" என்றார் அப்பா.

அம்மா தன் பக்கம் இழுத்தாள்.

"அட, இங்குட்டும்மா!"

அம்மா இன்னும் பலமாக இழுத்தாள். கட்டில் கால் நிலையில் டொங்கென்று இடித்தது.

"இங்குட்டுன்னு சொல்றேன், நீ அங்குட்டு இழுக்கிறியே!"

"நீங்க இங்குட்டுன்னு சொன்னீக, நான் இங்குட்டுத்தானே இழுக்கிறேன்!" அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒங்க இங்குட்டு வேற, என் இங்குட்டு வேறயா?"

நிவேதாவின் தோளில் இருந்து பை நழுவித் தரையில் விழுந்தது.

"அம்மா! என்ன சொன்னீக? திரும்பச் சொல்லுங்க!"

"என்னத்தச் சொல்ல? ஒங்க அப்பாவோட இங்குட்டு வேற, என்னோட இங்குட்டு..."

நிவேதா முழுதும் கேட்கவில்லை. விழுந்த பையை அங்கேயே விட்டுவிட்டு வந்த வழியே ஓடினாள்.

"அடியே, கட்டிலப் பிடிடி!" என்று அப்பா கத்தியது தெருமுனை வரை கேட்டது.

ஆன் மேரி வீடு இரண்டு தெரு தள்ளி. அவள் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடந்தாள். பூனை காலடியில் படுத்திருந்தது.

"ஆன் மேரி, எந்திரி. எனக்குத் தெரிஞ்சு போச்சு!"

"போடி. அப்பத் தெரியல, இப்பத் தெரியுதாக்கும்."

நிவேதா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. "நான் தப்புப் பண்ணிட்டேன். நீ பொய் சொல்லியிருப்பேன்னு எனக்கும் ஒரு நிமிஷம் தோணுச்சு. மன்னிச்சுக்கடி."

தலையணை அசையவில்லை.

"நீ சொன்னது எல்லாமே சரி. எம்பதும் சரி. தப்பு என்மேலதான்."

தலையணைக்கு அடியில் இருந்து ஒரு கண் மட்டும் வெளியே வந்தது. "நீ என்ன பண்ணுன?"

"நான் ஒன்னய இடம் மாத்தி உக்கார வச்சேன். புதன்கிழமை. ஞாபகம் இருக்கா?"

ஆன் மேரிக்கு ஞாபகம் இருந்தது. முதல் நாளில் இருந்து அவள் கதவுப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தாள். தலைக்கு நேராக ஏ.சி. புதன்கிழமை அவளுக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது. பாவம் என்று நிவேதாதான், "நீ என் இடத்துக்கு வா," என்று சன்னல் பக்கம் அவளை உட்காரவைத்து, தான் கதவுப் பக்கம் போனாள். அக்கா முதுகைக் காட்டிக்கொண்டு இருந்ததால் பார்க்கவில்லை. ஒரு நாற்காலி மாறியதைப் போய் யார் ஆராய்ச்சிக் கணக்கில் சேர்ப்பார்கள்?

"கதவுப் பக்கம் இருந்தப்ப சன்னல் ஒனக்கு எங்குட்டு?" என்று கேட்டாள் நிவேதா.

"அங்குட்டு."

"சன்னல் பக்கம் வந்த பிறகு?"

ஆன் மேரி வாயைத் திறந்தாள். மூடினாள். எழுந்து உட்கார்ந்தாள். தலையணை பூனைமேல் விழுந்தது.

"இங்குட்டு!" என்றாள். "ஆத்தாடி! மரவட்டை ஒரே பக்கந்தான் போயிருக்கு. நான்தான் மாறி உக்காந்திருக்கேன்!"

"அக்கா அந்தத் தாள மாத்தவே இல்ல!"

இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஆன் மேரியின் முகம் வாடியது. "நம்ப மாட்டாக. நான் சொல்லி யாரு நம்புவா?"

நிவேதா யோசித்தாள். அதுவும் சரிதான். கதை மாதிரிதான் இருந்தது. "எத்தனையாம் நம்பருக்கு இடம் மாறுனோம், சொல்லு பார்ப்போம்."

"ஏழு! நான் தும்முன தும்மல்ல ஏழாம் நம்பர் பாதி வழியிலயே சுருண்டுக்கிச்சு. அது பிரிஞ்சு நடக்கக் கால்மணி நேரம் ஆச்சு. அது முடிஞ்சுதான் மாறுனோம்."

"அது போதும். நாளைக்கு நீ வர்ற."

"வர வேண்டாம்னு சொன்னாகல்ல?"

"நான் கூட்டிட்டு வர்றேன்."

*

வெள்ளிக்கிழமை காலை லேப் கதவைத் திறந்த மேடம் இருவரையும் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். ஆன் மேரியின் கையை நிவேதா விடவில்லை.

"மேடம், நேத்து நீங்க கேட்டப்ப நான் சொல்லியிருக்கணும். இன்னைக்குச் சொல்றேன். ஆன் மேரி பொய் சொல்லல."

"அதை எப்படிம்மா நம்புறது?"

"நான் இன்னும் கணக்கப் பாக்கல மேடம். பாக்காமயே சொல்றேன். புதன்கிழமை ஏழாம் நம்பர் வரைக்கும் இடது நெறய இருக்கும். எட்டாம் நம்பர்ல இருந்து வலது நெறய இருக்கும்."

மேடம் கம்ப்யூட்டரைத் திறந்தார். சௌபர்ணிகா அக்காவும் குனிந்து பார்த்தாள். நேற்று அவர்கள் ஒவ்வொரு நாளின் கூட்டுத்தொகையைத்தான் பார்த்திருந்தார்கள். ஒவ்வொரு ஓட்டமாகப் பார்க்கவில்லை. மேடத்தின் விரல் ஒவ்வொரு வரியாக இறங்கியது. ஏழில் நின்றது. எட்டுக்கு வந்தது. அங்கிருந்து கடைசி வரி வரை வேகமாக இறங்கியது.

"ஏழு வரைக்கும் ஆறு இடது, ஒண்ணு வலது," என்றார் மெதுவாக. "எட்டுல இருந்து பதினோரு வலது, ரெண்டு இடது." அவர் நிவேதாவைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் பயமே இருந்தது. "உனக்கு எப்படித் தெரியும்?"

"சொல்றோம் மேடம். நீங்க இங்கன, கதவுப் பக்கம் உக்காருங்க. அக்கா, நீங்க எதுத்தாப்புல அந்தச் சன்னல் பக்கம் உக்காருங்க."

பேராசிரியரும் மாணவியும் பேசாமல் உட்கார்ந்தார்கள். தவளைக் குழுவும் தவளைகளை மறந்துவிட்டு வந்து கூடியது. நிவேதா மூன்றாம் நம்பரைப் பாதையில் விட்டாள்.

"அது திரும்புனதும் ரெண்டு பேரும் சொல்லணும். ஆனா எங்க ஊர்ப் பேச்சுல. உங்களுக்குப் பக்கத்துல வந்தா இங்குட்டு, தள்ளிப் போனா அங்குட்டு."

மூன்றாம் நம்பர் அவசரமே படவில்லை. கட்டாய வளைவில் வலது பக்கம் திரும்பியது. ஆடி அசைந்து பிரிவுக்கு வந்தது. மீசையை இரண்டு பக்கமும் ஆட்டி யோசித்தது. பிறகு சன்னலைப் பார்த்து நடந்தது.

"அங்குட்டு!" என்றார் மேடம்.

"இங்குட்டு!" என்றாள் அக்கா.

இரண்டு வார்த்தையும் ஒரே நேரத்தில் வந்து விழுந்தன.

அக்கா முதலில் மேடத்தைப் பார்த்தாள். பிறகு மரவட்டையைப் பார்த்தாள். பிறகு சுவரில் தான் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தாள். "ஐயையோ!" என்று இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். "நான் இது ரெண்டையும் பக்கத்தோட பேருன்னு நினைச்சேனே! பேசுற ஆள் நகர்ந்தா இதுவும் நகருமா?"

"நகரும் அக்கா. எங்க வீட்டுல ஒரு கட்டிலே சிக்கிக்கிச்சு," என்றாள் நிவேதா.

இடம் மாறிய பிறகு வந்ததையெல்லாம் திருத்தி எழுதினார்கள். எண்பதில் அறுபத்தேழு இடது! புதன்கிழமையும் வியாழக்கிழமையும் ஒழுங்குப் பிள்ளைகளாக மற்ற நாட்களோடு சேர்ந்துகொண்டன.

மேடம் எழுந்து வந்து ஆன் மேரி முன்னால் நின்றார்.

"கேள்வி கேட்கிறதுதான் என் வேலை. இருபது வருஷமாப் பண்றேன். நேத்து உன்கிட்ட ஒரு கேள்வியையும் ஒழுங்காக் கேட்கலை. என் தப்புதான், மன்னிச்சுக்கோம்மா."

ஆன் மேரிக்கு அழுகை வந்தது. அதை விழுங்கிவிட்டு, "முதலை மட்டும் பொய்தான் மேடம்," என்றாள்.

"பூனை?" என்று கேட்டான் விஷ்வா.

"பூனை நிஜம்."

கழுத்து அட்டையை அக்காவே எடுத்து ஆன் மேரிக்கு மாட்டிவிட்டாள். மதியம் மரவட்டை போஸ்டர் அச்சுக்குப் போனது. ஆய்வு செய்தவர்கள் என்ற இடத்தில் மூன்று பெயர்கள் இருந்தன. முதல் பெயர் யாருடையது என்று கேட்க வேண்டியதே இல்லை. அ, ஆ வரிசை என்று மேடம் கறாராகச் சொல்லிவிட்டார்.

*

சனிக்கிழமை கூடத்தில் நல்ல கூட்டம். பெற்றோர் வந்திருந்தார்கள், மற்ற துறைக்காரர்களும் வந்திருந்தார்கள். நிவேதா போஸ்டர் பக்கத்தில் நின்று, மரவட்டை ஏன் அப்படித் திரும்புகிறது என்று பத்தாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பார்க்க வந்தவர்களுக்குக் காட்ட மரவட்டைப் பெட்டியை எடுத்து வரலாம் என்று ஆன் மேரி லேப்புக்குப் போயிருந்தாள்.

திடீரென்று அவள் பெட்டி இல்லாமல் வெறுங்கையோடு ஓடி வந்தாள். கண்கள் இரண்டும் வெளியே வந்து விழுந்துவிடும் போல இருந்தன.

"நிவேதா! பொட்டி மண்ணுக்குள்ள குட்டி மரவட்டை! வெள்ளை வெளேர்னு, கடுகு கணக்கா! அதுக்கு ஆறே ஆறு கால்தான்!"

"மரவட்டைக்கு ஆறு காலா?" விஷ்வா விழுந்து விழுந்து சிரித்தான். "ஆரம்பிச்சிட்டாடா!"

தவளைக் குழு முழுவதும் சிரித்தது. நிவேதாவுக்கும் அது நடக்காத காரியம் என்றுதான் பட்டது. ஒரு மரவட்டையின் காலை எண்ணத் தொடங்கி நூற்றைம்பதிலேயே கைவிட்டவள் அவள். ஆறு கால் எப்படிப் போதும்?

ஆன் மேரி மற்றவர்களைப் பார்க்கவில்லை. நிவேதாவை மட்டுமே பார்த்தாள்.

"வா, போவோம்," என்றாள் நிவேதா. பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு, கேட்டுக்கொண்டிருந்த பெரியவர்களைப் பாதிப் பேச்சில் விட்டுவிட்டு, அவளோடு ஓடினாள்.

பெட்டியின் மூலையில், ஈரமண்ணுக்கு நடுவில், வெள்ளையாக ஏதோ அசைந்தது. நிவேதா மூச்சைப் பிடித்துக்கொண்டு பூதக்கண்ணாடியை அதன்மேல் பிடித்தாள். இந்தப் பக்கம் மூன்று. அந்தப் பக்கம் மூன்று. நம்பமுடியாமல் இன்னொரு முறை எண்ணினாள்.

ஆறுதான்.